பெயரை மாற்றினால் போதுமா?

சிக்மண்ட் பிராய்டு எழுதிய நோயாளி வரலாறுகளுள் மிகவும் பேசப்பட்டது, ‘டோரா’ என்ற பெண்ணைப் பற்றியது. வைத்திய நூல் என்று எண்ணிக்கொண்டு கையில் எடுப்பவர்கள், பத்துப் பக்கம் புரட்டுவதற்குள் ஒரு நாவலுக்குள் வந்துவிட்டதை உணர்ந்துகொள்வார்கள். தாம் எழுதும் நோய் வரலாறுகள் சிறுகதைகளைப் போல இருக்கின்றனவே என்று 1895-லேயே பிராய்டு குறைப்பட்டுக்கொண்டதுண்டு. உண்மையில் குறைதான் பட்டாரா என்பது சந்தேகம். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்தக் குறைப்பாட்டின் அடியில் கொஞ்சம் சந்தோஷமும் தெரிகிறது.

விஷயம் இதுதான். 1900 அக்டோபரில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியை அவள் தகப்பனார் வியன்னாவில் பிராய்டிடம் கொண்டுவந்து ஒப்படைக்கிறார். இருமல், அடிக்கடி குரல் அடைத்துப்போதல், வாழ்க்கையில் வெறுப்பு. தகப்பனாருக்கு ஒரு நண்பரின் மனைவியோடு தொடர்பு உண்டு. அந்த நண்பர் ஓர் ஏரிக்கரையில் இந்தப் பெண்ணிடம் தகாத எண்ணத்தோடு பேசுகிறார். அவள் கன்னத்தில் அறைந்துவிட்டு ஓடிவருகிறாள். வீட்டில் சொன்னால், எல்லாம் உன் கற்பனை என்கிறார் தகப்பனார். அவளை வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே அவர் வைத்தியரிடம் வைத்த கோரிக்கை. பணம் கொடுக்கிறவரும் அவர்தானே!

பிராய்டு அந்தக் கோரிக்கைக்கு இணங்கவில்லை. பெண் சொன்னதை நம்பினார். இதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் நம்பியவர் அதோடு நிற்கவில்லை. அந்த மனிதரை நீ உள்ளூரக் காதலிக்கிறாய் என்று சாதிக்க ஆரம்பித்தார். அவள் ‘இல்லை’ என்றால், அதுவே ‘ஆம்’ என்பதற்கு அத்தாட்சி என்றார். பதினோரு வாரம் பொறுத்திருந்துவிட்டு, டிசம்பர் 31-ஆம் தேதி, இனி வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். பதினைந்து நாட்களுக்கு முன்பே முடிவு செய்ததாகவும் சொன்னாள். வேலைக்காரி முன்கூட்டி நோட்டீஸ் கொடுப்பது போல அல்லவா இருக்கிறது என்று கேட்டாராம் பிராய்டு.

அடுத்த மாதமே எழுத உட்கார்ந்துவிட்டார். நூல் அச்சானது 1905-ல்.

நான் சொல்ல வந்தது அதன் முன்னுரையைப் பற்றி. நூலைப் பற்றி அலமாரி அலமாரியாக எழுதிவிட்டார்கள். முன்னுரையைத்தான் பலரும் வேகமாகத் தாண்டிப்போகிறார்கள். நோயாளியின் ரகசியத்தை வெளியிடலாமா என்ற கேள்வியைப் பிராய்டு அங்கே ஒளிக்காமல் எடுத்துக்கொள்கிறார். தாங்கள் சொல்வது அச்சில் வரும் என்று தெரிந்தால் நோயாளிகள் வாயையே திறந்திருக்க மாட்டார்கள் என்று ஒப்புக்கொள்கிறார். அனுமதி கேட்டாலும் கிடைக்காது, ஆகவே கேட்பது வீண் என்கிறார். வைத்தியனுக்கு ஒரு நோயாளியிடம் மட்டுமல்ல, விஞ்ஞானத்தினிடமும் கடமை உண்டு என்கிறார். பிறகு, தாம் கட்டிய வேலிகளை எண்ணிக் காட்டுகிறார்: பெயரை மாற்றினேன், சம்பவங்கள் வியன்னாவில் நடந்தவை அல்ல, தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் நடந்தவை, வைத்தியர்கள் மட்டும் படிக்கும் பத்திரிகையில்தான் வெளியிடுகிறேன், நான்கு வருஷம் காத்திருந்தேன். அவளே படிக்க நேர்ந்தால் வருத்தப்படக்கூடும், ஆனால் அவளுக்குத் தெரியாத எதுவும் அதில் இருக்காது என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

இத்தனை வேலிகளும் யாரைத் தடுக்க? ஊர்க்காரனை, அறிமுகமில்லாதவனை. அவன் தெரிந்துகொண்டால் அவளுக்கு என்ன வந்துவிடப் போகிறது? தெரியக்கூடாதவர்கள் வீட்டுக்குள் அல்லவா இருக்கிறார்கள்! தகப்பனார், அந்த நண்பர், நண்பரின் மனைவி — இவர்களில் யார் படித்தாலும் முதல் பக்கத்திலேயே ஆள் தெரிந்துவிடும். அவள் மனம் விட்டுச் சொன்னவை மட்டுமா? தகப்பனாருக்கு இருந்த மேகநோய் வரை நூலில் வந்திருக்கிறது. அதற்கு முன்பு சிகிச்சை செய்தவரும் பிராய்டுதான். ஒரே நூலில் இரண்டு நோயாளிகளின் நம்பிக்கை செலவாகியிருக்கிறது.

‘டோரா’ என்ற பெயர் எப்படி வந்தது என்பதை வேறொரு நூலில் அவரே விளக்குகிறார். அவருடைய சகோதரியின் வீட்டுத் தாதி ஒருத்திக்கு எஜமானியின் பெயரே அமைந்துவிட்டதால், தன் சொந்தப் பெயரை விட்டு ‘டோரா’ ஆக வேண்டியிருந்ததாம். தன் பெயரைக்கூட வைத்துக்கொள்ள முடியாதவளின் பெயர் இந்தப் பெண்ணுக்கு ஒட்டிக்கொண்டது. வேலைக்காரி நோட்டீஸ் என்ற பேச்சோடு இதையும் சேர்த்துப் படித்தால், பெயரை மாற்றுவதுகூட எவ்வளவு கள்ளமற்ற காரியம் என்ற கேள்வி எழாமல் போகாது.

என்னை மிகவும் உறுத்துவது பின்னுரையில் இருக்கிறது. 1902 ஏப்ரல் முதல் தேதி அந்தப் பெண் மறுபடி வருகிறாள், முகத்து வலிக்கு உதவி கேட்டு. அவள் முகத்தைப் பார்த்ததுமே, இவள் மெய்யாகக் கேட்கவில்லை என்று பிராய்டு முடிவு கட்டிவிடுகிறார். அவள் எதிரே உட்கார்ந்திருந்தபோது, அவளைப் பற்றிய கையெழுத்துப் பிரதி எழுதி முடித்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதாக அவர் எழுதவில்லை. கேட்டால் மறுத்திருப்பாள், அந்த மறுப்பும் ‘ஆம்’ என்றே கணக்கில் எழுதப்பட்டிருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

‘நீங்கள் மட்டும் என்ன? அண்டை வீட்டுக்காரனைத்தானே பாத்திரமாக்குகிறீர்கள்!’ என்று வாசகர்கள் கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் அண்டை வீட்டுக்காரன் என்னிடம் பீஸ் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, தோன்றுவதையெல்லாம் மறைக்காமல் சொல் என்ற நிபந்தனைக்கு உட்பட்டுப் பேசியவன் அல்ல. தவிர, நான் அவனை மூன்று பேரோடு கலந்து நாலாவது ஆளாக்கிவிடலாம். வைத்தியர் அப்படிச் செய்தால் விஞ்ஞானம் கெட்டுப்போகும். ஆகவே உண்மையை அப்படியே வைக்க வேண்டியவர்தான் சம்மதத்தையும் கேட்டாக வேண்டியவர்.

நம் தேசத்தில் 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது. பிறர் உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைமைகள் நீங்கலாக, வைத்தியர் ரகசியம் காக்க வேண்டும். சம்மதமின்றிப் பத்திரிகைகளுக்கு எதையும் கொடுக்கக்கூடாது. தன்னைப் பற்றிய ஏடுகளைப் பார்க்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு. டோராவின் கையில் அந்தப் பிரதியைக் கொடுத்திருந்தால் ஓரங்களில் என்னென்ன எழுதியிருப்பாளோ! அந்தப் பிரதியைத்தான் நான் படிக்க ஆசைப்படுகிறேன்.

1922-ல் காதுக் கோளாறுக்காக பெலிக்ஸ் டாய்ச் என்ற வைத்தியரிடம் போனபோது, பிராய்டின் பிரசித்தமான ‘டோரா’ தான்தான் என்று அவளே பெருமையோடு சொன்னாளாம். இதைக் காட்டி, அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை பாருங்கள் என்று சிலர் வாதிக்கிறார்கள். மூடிய அறையில், தானாக, ஒரு வைத்தியரிடம் சொன்னாள். அவள் 1945-ல் நியூயார்க்கில் இறந்தாள். 1957-ல் டாய்ச் அதையும் கட்டுரையாக எழுதி அச்சிட்டுவிட்டார். அவளைப் பிடிக்காத ஒருவர் அவளைப் பற்றிச் சொன்ன கடுஞ்சொற்களையும் சேர்த்து. அவளுடைய உண்மைப் பெயர் இன்று எந்தக் கலைக்களஞ்சியத்திலும் கிடைக்கும். இந்தக் கட்டுரையில் அதை நான் எழுதவில்லை.