வரியோடு போகும் கை

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் நல்லேப்பிள்ளி வீடுகளில் குத்துவிளக்கு தேய்க்கத் தெரிந்த கை நிறைய உண்டு. புளியும் உமிக்கரியும் போட்டு அழுத்தினால் பித்தளையின் கறுத்த தோல் கழன்று மஞ்சள் வெளிவரும். அதே கையை எவர்சில்வர் சிங்க்கில் வைத்தால் காரியம் கெட்டது. அதற்கு மேல்தோல்தான் அழகு. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கிய எஃகில் குரோமியம் 12.8 சதம், இன்றைய 304 ரகச் சிங்க்கில் ஏறக்குறைய 18, கூடவே 8 சதம் நிக்கல். காற்றுப் பட்டதும் அந்தக் குரோமியம் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமாகப் போர்த்திக்கொள்கிறது. கீறினாலும் படலம் தானே மூடிக்கொள்ளும். கீறல் மட்டும் மூடாது.

நெல் விளையும் பாலக்காட்டில் உமிக்கரிக்குப் பஞ்சமில்லை, ஆனால் அதிலுள்ள சிலிக்கா தகட்டை மங்கடித்துவிடும். இரும்பு நார் இன்னும் மோசம். அதன் துகள் தங்கிச் செம்புள்ளியாகத் துருவேறும். பழி சிங்க் மேல் விழும்.

சித்தூர் தாலுகாவின் கிழக்கே மழை குறைவு, போர்த் தண்ணீர் கடினம். அதனால் இங்கே எண்ணெய்ப் பிசுக்கைவிடத் தண்ணீரே பெரிய எதிரி. பிசுக்கு சோப்புக்குப் போய்விடும். குழாயடியில் படியும் வெள்ளை உப்பு போகாது. அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ரசத்துக்குக் கரைத்து மிஞ்சிய புளிச்சக்கையைச் சற்று நேரம் அப்பி வைத்தால் டார்டாரிக் அமிலம் அதை இளக்கிவிடும். உப்புப் போட்டு வைத்த பழம்புளியானால் உடனே நன்றாக அலச வேண்டும், குளோரைடு தங்கினால் தகட்டில் குழி விழும். அதே காரணத்தால் பிளீச்சிங் பவுடரை நான் சிங்க் பக்கமே விடமாட்டேன்.

இனிமேல்தான் கலை. வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தால் தகட்டில் நுண்வரிகள் ஓடுவது தெரியும். துணி அந்த வரியோடே போய் வர வேண்டும். வட்டமாகச் சுற்றுகிற கை ஒவ்வொரு சுற்றுக்கும் குறுக்கே கீறுகிறது. வெயில் படும்போது அது சிலந்தி வலைபோலத் தெரியும். தேர்ந்தவர்கள் சிங்க்கின் பக்கச் சுவரில் தொடங்கி அடிக்கு இறங்கி, வடிகால் ஜாலியைக் கடைசியில் தொடுவார்கள். உடனே பழைய தோர்த்துத் துண்டால் ஈரம் ஒற்றி எடுப்பார்கள். இந்தத் தண்ணீரைத் தானாகக் காயவிட்டால் துளிக்கொரு வெள்ளை வட்டம் நிற்கும். தேய்ப்பதைவிடத் துடைப்பதில்தான் கைப்பக்குவம் தெரிகிறது.

கடைசியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு. விருந்தாளி வரும் நேரத்துக்கு ஆகும், எனக்கு உடன்பாடில்லை. வரிகளெல்லாம் எண்ணெய்க்குள் அமுங்கிவிடும். மறுவேளைச் சட்டி கழுவியதும் அது திட்டுத்திட்டாகப் போய், மிச்சத்தில் தூசி ஒட்டும்.