அமுதசுரபியும் திறைசேரியும்

பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிப்பதைப் பற்றி எவரேனும் பேசத் தொடங்கினால், சிறிது நேரத்தில் அங்கே அமுதசுரபி வந்து சேர்கிறது. மேடைப் பேச்சாளர் அதனைக் கையிலெடுக்கிறார். கவியரங்கக் கவிஞர் தலைவர் ஒருவரை மணிமேகலையாக்கி மகிழ்கிறார். உவமை வெறும் அணியன்று. ஒரு கருத்தை ஆராயாமலே ஏற்றுக்கொள்ளச் செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆதலின், இவ்வுவமை எதனை நமக்குக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்று ஆராய்வது திறனாய்வாளர் கடமையாகும்.

அமுதசுரபி எடுக்கக் குறையாத பாத்திரம். அதில் சோறு நிறைவதற்கு உழவன் தேவையில்லை. உலை வைப்பவள் தேவையில்லை. வரவு செலவுக் கணக்கும் தேவையில்லை. இது சாத்தனாரின் குறையன்று. பசிக்கு முடிவு காண ஏங்கிய ஒரு காலத்தின் கனவை அவர் பாத்திரமாக வடித்தார். ஆனால் அக்கனவை இன்றைய பாடசாலைச் சமையற்கூடத்தின் மீது ஏற்றிப் பேசும்போது, ‘இதற்கான பணம் யாருடையது?’ என்ற கேள்வி மறைந்துபோகிறது. மக்களின் வரிப்பணம், கொடுப்பவரின் கருணையாக உருமாறிவிடுகிறது.

காப்பியத்தையே ஊன்றிப் படிப்போர்க்கு இன்னொன்றும் புலப்படும். ஆபுத்திரன் மதுரையில் அப்பாத்திரத்தால் பசித்தோரை ஊட்டினான். பின்னர் இந்திரன் மழை பெய்வித்தான், நாடு செழித்தது, உண்பதற்கு ஒருவரும் வரவில்லை. ஊட்டுவதற்கு ஆளின்றிக் கலங்கிய அவன், பஞ்சமுற்ற சாவக நாட்டை நாடிக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டு, பிறர்க்குப் பயன்படாத பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தான். ஈகை அறத்தின் எல்லை இங்கே தெரிகிறது. வாங்குவோர் இல்லையேல் வள்ளலுக்கும் வாழ்வில்லை. வறுமை நிலைத்திருந்தால்தான் அவ்வறமும் நிலைக்கும்.

ஆனால் சாத்தனார் இவ்வெல்லையில் நின்றுவிடவில்லை. மணிமேகலை சிறையில் வாடியோரை ஊட்டிய பின், மன்னன் அவளை அழைத்து வேண்டுவது யாதென வினவுகிறான். அவள் பொன்னும் பொருளும் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு கேட்கிறாள். மன்னனும் அவ்வாறே செய்கிறான். தனியொருத்தியின் பாத்திரத்திலிருந்த அறம் அரசின் நிறுவனமாக மாறும் இடம் இதுவே. நம் பேச்சாளர்கள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார்கள், இக்காதையை விட்டுவிட்டார்கள்.

தமிழகத்தின் வரலாறு இதற்குச் சான்று. 1920 இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி தன் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. பிள்ளைகளின் வரவு பெருகிற்று. ஆயினும் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து அதற்குச் செலவிட ஆங்கில அரசு இடந்தராமையால், 1925 இல் அது தடைப்பட்டது. அங்கே நின்றுபோனது எவருடைய கருணையுமன்று; நிதியே. 1956 இல் எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிய திட்டமும் முதலில் ஊராரின் நன்கொடையைப் பெரிதும் நம்பியிருந்தது. அரசின் பணம் சேர்ந்த பின்னரே அது மாநிலமெங்கும் வேரூன்றியது. 2001 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் சமைத்த உணவைப் பள்ளிகளில் வழங்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டபோது, சோறு உரிமையின் மொழியில் பேசப்பட்டது.

நம் நாட்டில் 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் கல்வி இலவசமாயிற்று. இன்று அதனை எவரும் பிச்சை என்பதில்லை. பாடநூலுக்கும் சீருடைக்கும் எவரும் அமுதசுரபியை உவமை காட்டுவதில்லை. சோற்றுக்கு மட்டும் ஏன் இந்த வேறுபாடு? 1989 இல் அரசு தொடங்கிய பகலுணவுத் திட்டம் 1990களின் நடுப்பகுதிக்குள் கைவிடப்பட்டது. சட்டத்திலும் மக்கள் மனத்திலும் அது உரிமையாக வேரூன்றியிருந்தால், அத்துணை எளிதாகக் கைவிட முடிந்திராது. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியபோது, பாடசாலை உணவு மிகவும் தேவைப்பட்ட அதே வேளையில் தட்டு சுருங்கிற்று. 2024 மார்ச்சில் திட்டம் ஆரம்பப் பிரிவு மாணவர் ஏறத்தாழ 16 இலட்சம் பேருக்கும் விரிக்கப்பட்டது வரவேற்கத்தக்கதே.

ஆனால் ஆரம்பப் பிரிவு தரம் 5 உடன் முடிகிறது, பசி முடிவதில்லை. தோப்பூரிலும் மூதூர்ப் பகுதியெங்கும் வயலில் கூலிக்குச் செல்வோரும் கொட்டியாரக் குடாவில் வலை வீசுவோரும் விடியுமுன்னே வீட்டைவிட்டுப் புறப்படுகின்றனர். அவர்களின் பிள்ளைகள் தரம் 6 இல் நம் முன்னே வந்து அமர்கின்றனர். சென்ற ஆண்டு பாடசாலையில் உண்ட பிள்ளை இவ்வாண்டு உண்பதில்லை. நான்காம் பாடவேளையில் தலை மேசையில் சாய்கிறது. நெல் விளையும் மண்ணில் இது நிகழ்கிறது. உணவு சமைத்துத் தருவோர் பெரும்பாலும் ஊர்ப் பெண்களே. அரிசியையும் பருப்பையும் கடனுக்கு வாங்கிச் சமைக்கும் அவர்களுக்குக் கொடுப்பனவு தாமதித்தால், அவ்வட்டியை அவர்களே சுமக்க நேர்கிறது. அமுதசுரபி உவமையில் இப்பெண்களுக்கு இடமேயில்லை.

‘வறியோர்க்கு மட்டும் கொடுத்தாற் போதாதா?’ என்று கேட்போர் உளர். அமெரிக்க நாட்டில் வருமானத்தை அளந்து, இலவசம், குறைந்த விலை, முழு விலை எனப் பிள்ளைகளைப் பிரித்தனர். தட்டைக் கையில் எடுக்கும்போதே தன் தந்தையின் வறுமையை ஒரு பிள்ளை ஊரறியச் சொல்ல வேண்டிய நிலை அப்பிரிவினையால் நேர்ந்தது. வகுப்பில் ஒரே நூலைப் படிப்போர் ஒரே சோற்றை உண்பதில் தவறென்ன?

எனவே நம் எழுத்தாளர்க்கு ஒரு வேண்டுகோள். வள்ளல்களைப் பாடும் பழக்கத்தை விடுவோம். வரவு செலவுத் திட்டத்தின் அந்த ஒரு வரி எவ்வளவு, அது உரிய நாளில் வந்து சேர்ந்ததா, எந்த வகுப்போடு நின்றது என்பவற்றையும் இலக்கியத்தின் பொருளாக்குவோம். மணிமேகலை அரசவையில் கேட்டது பாத்திரம் அன்று, ஆணை. நாமும் அதனையே கேட்போம்.