கேப் போடுபவரும் கேப் ராவுபவரும்

வேர் சிகிச்சை முடித்து ஜிர்கோனியா கேப் போட வருகிறவர்கள் தவறாமல் கேட்கிறார்கள்: "இது உடம்புக்கு ஒண்ணும் செய்யாதே, டாக்டர்?" நியாயமான கேள்வி. அந்த வெள்ளைக் கேப்பில் இட்ரியம் இருக்கிறது. பல் அடைக்கும் பசை எக்ஸ்ரேயில் தெரிவதற்காக, சிலவற்றில் இட்டெர்பியம் ஃபுளோரைடு துகள்களைக் கலக்கிறார்கள். இரண்டும் அருமண் தனிமங்கள்.

இவற்றுக்கு அஞ்சுகிறவர்கள் முன்பு என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். இயற்கைப் பல் புற ஊதா ஒளியில் நீலவெண்மையாக மிளிரும். செயற்கைப் பல்லும் அப்படி மிளிர, பீங்கானில் யுரேனியமே கலந்த காலம் உண்டு. 1980களில் அதைக் கைவிட்டு அருமண் ஆக்சைடுகளுக்கு மாறினார்கள். விழுங்கினாலும் பெரிய கேடில்லை என்பதற்கு லாந்தனம் கார்பனேட் நல்ல சான்று. சிறுநீரக நோயாளிகள் அதை நாள்தோறும் கிராம் கணக்கில் மென்று தின்கிறார்கள். ரத்தத்தில் சேர்வது மிகமிகச் சொற்பம். கெட்டியாக இறுகிய கேப்பை நான் தயங்காமல் ஏற்கிறேன்.

ஈறு அழற்சிக்கு ஆய்வுக்கூடங்கள் முன்வைக்கும் சீரியம் ஆக்சைடு நானோதுகளை அப்படி ஏற்க முடியவில்லை. சீரியம் இரு மின்னேற்ற நிலைகளுக்கிடையே மாறிமாறி, திசுவை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தணிக்கிறது, உண்மைதான். ஆனால் அமிலச் சூழலில் பெராக்சைடைச் சிதைக்கும் அதன் திறன் குன்றிவிடுகிறது. ஈறுக்கென்று கொப்பளிக்கும் மருந்து சொத்தைப்பல்லின் குழியையும் தொடும்; அதுவோ அமிலம் ஊறும் இடம். நடுநிலைக் கரைசலில் கிடைத்த நல்ல முடிவை வைத்து வாய் கொப்பளிக்கும் மருந்து செய்வது அவசரம்.

எனக்கு உண்மையான கவலை வேறிடத்தில். பழைய சினிமா கொட்டகைகளில் புரொஜக்டருக்கு ஒளி தந்த கார்பன் குச்சிகளில் அருமண் உப்புகள் இருந்தன. அந்தப் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த ஆபரேட்டரின் நுரையீரலில் அருமண் தூசு படிந்து நோயானது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. வயிறு வெளியேற்றிவிடுவதை நுரையீரல் தேக்கி வைத்துக்கொள்கிறது.

பல் லேபில் ஒரு பையன் கேப் ராவுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மைக்ரோமோட்டர் சுழலச் சுழல மாவுபோல் தூசு கிளம்புகிறது. அந்தப் பையனின் புருவம் வெளுத்துவிடுகிறது. மூக்கை மறைத்தது ஒரு கைக்குட்டை. மருத்துவர் வாய்க்குள் ராவும்போது தண்ணீர் தெளிக்கிறது, உறிஞ்சுகுழாய் ஓடுகிறது. இவனுக்கு இரண்டும் இல்லை. இந்த மேசைக்கும் உறிஞ்சுகருவி வரும்வரை, 'பாதுகாப்பானது' என்ற சொல்லை நோயாளிக்கு மட்டுமே எழுத முடிகிறது.