பவுண்டு மோகம்

கப்பிகள் பூட்டிய காம்பவுண்ட் வில்லைக் கீழே வைத்துவிட்டு, கப்பியில்லாத ரிகர்வையோ லாங்போ என்ற நெடுவில்லையோ கையில் எடுக்கும் அமெரிக்க வேட்டைக்காரனுக்கு மூத்தவர்கள் செய்யும் உபதேசங்களில், உன்னால் இழுக்க முடிந்ததிலேயே கனமான வில்லை வாங்கு என்பது ஒன்று. உபதேசம் பழையதுதான், ஆனால் சமீப காலமாக அதற்கு ஜீவகாருண்யம் என்ற புதிய சட்டையை மாட்டிவிட்டிருக்கிறார்கள். கனத்த வில் கனத்த அம்பை விடும், கனத்த அம்பு ஆழப் பாயும், ஆழப் பாய்ந்த அம்பு மானைச் சீக்கிரம் சாய்க்கும், ஆகையால் இலேசான வில்லோடு காட்டுக்குள் போகிறவன் பிராணிக்குத் துரோகம் செய்கிறான் என்பது வாதத்தின் சாரம். ஒவ்வொரு படியும் தனித்தனியே மெய்யாக இருந்தும் முடிவு மட்டும் பிழையாக வந்து நிற்கும் வாதங்கள் உலகில் உண்டு. இது அவற்றுள் ஒன்று என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம்; காம்பவுண்டிலிருந்து புதிதாக வருகிறவன் காதில் இதை ஓதுவது அபாயகரமானது என்றும் சொல்வேன்.

கனத்த வில்லுக்குரிய சிறப்புகளை மறுப்பதற்கில்லை. அதன் நாண் விரல்களை விட்டுச் சுத்தமாக விலகும். எல்க், மூஸ் போன்ற பெரிய பிராணிகளின் விலாவெலும்பில் அம்பு தடைப்படாமல் ஊடுருவ அந்த அதிகப்படி விசை உதவவே செய்யும். தேர்ந்த வில் வினைஞனிடம் சொல்லிச் செய்வித்த, ஒரே துண்டான நெடுவில்லின் அழகையும் மௌனத்தையும் நான் குறை கூறப் போவதில்லை. விரலுக்குத் தோலுறை வேண்டுமா, தோல் தகடு வேண்டுமா என்பவை அவரவர் விரலின் விவகாரம். என் ஆட்சேபம் இழுவிசை ஒன்றைப் பற்றியதே.

எண்களின் மயக்கத்தை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். ஹாலஸ் வில்பர் ஆலன் என்ற மிசௌரிக்காரர் 1969இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்ட் வில்லின் சாமர்த்தியம் முழுவதும், இழுப்பின் நடுவே உச்சத்தைத் தொடும் சுமையை, இழுப்பு முடியும் தறுவாயில் கப்பிகள் தாமே வாங்கிக்கொண்டுவிடுவதில் அடங்கியிருக்கிறது. இன்றைய விற்களில் இந்தத் தளர்வு நூற்றுக்கு 80 வரை இருப்பது சகஜம். ஆகவே, 70 பவுண்டு வில்காரன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒருவன், மான் பக்கவாட்டில் திரும்பும் வரை வில்லில் பொருத்திய குறிமுள்ளை நிறுத்திக் காத்திருக்கும்போது உண்மையில் தாங்கிக்கொண்டிருப்பது 14 பவுண்டுதான். அதையும் அவன் விரல்கள் தாங்குவதில்லை, மணிக்கட்டில் பூட்டிய விசைக் கருவி தாங்குகிறது. இதே மனிதன், எழுபதை இழுத்தவனுக்கு ஐம்பத்தைந்து எம்மாத்திரம் என்று ஒரு ரிகர்வை வாங்கிக்கொண்டு வீடு சேர்கிறான். ரிகர்விலோ இறக்கம் என்பதே கிடையாது; இழுக்க இழுக்கச் சுமை ஏறிக்கொண்டே போய், எந்த இடத்தில் கை அசையாமல் நிற்க வேண்டுமோ சரியாக அந்த இடத்தில் உச்சத்தை அடைகிறது. பதினான்கைத் தாங்கிப் பழகிய உடம்பு இப்போது ஐம்பத்தைந்தை, ஏறக்குறைய நான்கு மடங்கை, மூன்று விரல்களில் ஏந்த வேண்டும். இறங்கி வந்திருப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இதன் பலனைக் காண எந்த விற்பயிற்சிக் கூடத்திலும் சற்று நேரம் ஓரமாக நின்றால் போதும். புது ரிகர்வை ஏந்தியவன் இழுக்கத் தொடங்குகிறான். முதல் 20 அங்குலம் கம்பீரமாகவே வருகிறது. பிறகு வில்லேந்திய தோள் காதை நோக்கி எழும்புகிறது; பின்முழங்கை முதுகுப் பக்கம் சுழலாமல் பாதியில் நின்றுவிடுகிறது; ஆகர்ண பரியந்தம் வர வேண்டிய நாண் தாடைக்கு ஒன்றரை அங்குலம் முன்னாலேயே தயங்கி நிற்க, அவன் முகம் அதைத் தேடிக்கொண்டு முன்னே போகிறது. விரல் உதட்டோரத்தைத் தொட்டதோ இல்லையோ, அம்பு போய்விட்டது. அதை அவன் விட்டான் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வில்லின் மேல் எழுதியிருக்கும் இழுவிசை 28 அங்குல இழுப்புக்கு அளந்தது. ஒன்றரை அங்குலம் குறைத்து இழுக்கிறவன், அங்குலத்துக்கு இரண்டரை மூன்று பவுண்டு வீதம் இழந்து, 55 என்று விலை கொடுத்த வில்லிலிருந்து 51ஐத்தான் பெறுகிறான்; அதுவும் இந்த அம்புக்கு 51, கை சோர்ந்த பிறகு 49. அம்புகள் மேலும் கீழுமாக விழுவதற்குக் குறிமுள் இல்லாததைக் காரணம் காட்டுவான். வில்லைக் குற்றம் சொல்ல அவனுடைய அகம்பாவம் இடங்கொடாது. இவ்விதமே சில மாதங்கள் கழிந்தால், குறியைக் கண்ட க்ஷணமே விரல் தானாக விரிந்துவிடும் அந்த டார்கெட் பேனிக் என்ற வியாதி பிடித்துக்கொள்கிறது. அது பிடித்த பிறகு இலேசான வில்லுக்கு இறங்கி வந்தாலும் எளிதில் விடுவதில்லை. கனத்த வில்லோடு பழகப் பழகப் பலம் தானே வந்துவிடும் என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: பலம் வருவதற்கு வெகு முன்பாகவே தவறான அப்பியாசம் வந்து குடியேறிவிடுகிறது.

இத்தனை கஷ்டத்துக்கும் ஈடாகக் கிடைப்பது என்ன? வில்லின் ஒரு பவுண்டுக்கு 10 கிரெயின் எடை என்பது அம்பைத் தேர்ந்துகொள்வதில் வழக்கமான கணக்கு. அதன்படி 45 பவுண்டு வில் 450 கிரெயின் அம்பையும், 55 பவுண்டு வில் 550 கிரெயின் அம்பையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் அனுப்பும். வித்தியாசம் 100 கிரெயின், அதாவது 6.5 கிராம். தயையின் பெயரால் தோளையும் விரலையும் பணயம் வைத்து வாங்கிய சரக்கு இவ்வளவே. அம்பு மோதிக் கொல்வதில்லை, அறுத்துக் கொல்கிறது. நன்றாகத் தீட்டிய இரண்டு அலகு முனையொன்று 20 கஜத்துக்குள் நிற்கும் வெள்வால் மானின் இரு நுரையீரல்களையும் கடப்பதற்கு 45 பவுண்டு தாராளமாகப் போதும் என்பதைக் கனத்த வில்காரர்களே தனிமையில் ஒப்புக்கொள்வார்கள். நுரையீரலில் பட்டால் இரண்டு விற்களும் ஒன்றுதான். குடலில் பட்டால், அந்த 6.5 கிராம் எந்த மானுக்கும் ஆறுதலாகாது.

மேலும், பயிற்சிக் கூடத்தில் இழுப்பது வேறு, நவம்பர் மாதத்து விஸ்கான்சினில் மரத்தின்மேல் கட்டிய பரணில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்துவிட்டு இழுப்பது வேறு. உடம்பு குளிரில் இறுகியிருக்கிறது. கம்பளிச் சட்டையின் கை நாணில் உரசுகிறது. எழுந்து நிற்கவும் வழியில்லை. வில்லை முழுதும் இழுத்த பிறகு மான் இரண்டடி வைத்து ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுவிடுகிறது. காம்பவுண்டுக்காரன் காத்திருப்பான். அளவான ரிகர்வைக் கொண்டவனும் சில விநாடி தாக்குப் பிடிப்பான், இல்லாவிட்டால் ஓசையின்றி நாணை இறக்கிக்கொள்வான். தன் சக்திக்கு மீறிய வில்லைக் கொண்டவனுக்கு இரண்டும் சாத்தியமில்லை. கை நடுங்கத் தொடங்கிவிட்டது, இறக்கினால் மறுபடி இழுக்க முடியுமோ என்ற சந்தேகம் வேறு. மான் ஒரு காலை முன்வைத்த மாத்திரத்தில் அம்பு புறப்பட்டுவிடுகிறது. காயத்தோடு ஓடிப்போகும் மான்களுக்குக் காரணம் இலேசான வில் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பரணில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

முன்னோரைச் சாட்சிக்கு அழைப்பதும் இந்தக் கூட்டத்தாரின் வழக்கம். ஹோவர்ட் ஹில் 100 பவுண்டைக் கடந்த விற்களை இழுத்தார் என்பார்கள். இழுத்தார், அவர் சிறுவயது முதலே வில்லோடு வளர்ந்த அபூர்வ தேகபலசாலி, முப்பத்தைந்து வயதில் விசைக் கருவியைக் கழற்றிவைத்துவிட்டு வந்தவர் அல்லர். மேலும், நவீன வில்வேட்டையின் ஆதிகுருவாக இவர்கள் கொண்டாடும் சாக்ஸ்டன் போப்புக்கு அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவர் யார்? 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் அருகே தம் குலத்தில் கடைசி ஆளாக வெளிப்பட்டு, 1916இல் க்ஷயரோகத்தால் மறைந்த யாஹி என்ற அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்த இஷி. அவருடைய வில்லின் இழுவிசை நாற்பது சொச்சம் பவுண்டு. அதைக் கொண்டு மானை வேட்டையாடிப் பிழைத்த குலம் அது. பிராணியின் மிக அருகே மறைந்து செல்லவும், அதன் குரலைப் போலச் செய்து கூப்பிடவும் இஷிக்குத் தெரிந்திருந்தது. போப்பின் நூலைத் தலைமேல் வைத்துக்கொண்டாடுகிறவர்கள் இஷியின் வில்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளாமற் போன விந்தை எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆறு கஜம் கிட்டச் செல்லும் பொறுமையைக் காட்டிலும் பத்துப் பவுண்டு விலைக்கு வாங்குவது சுலபம் என்பது காரணமாக இருக்கலாம்.

பரிகாரம் இல்லாமலில்லை; அதை இந்தச் சம்பிரதாயவாதிகள் முகம் சுளித்துத்தான் பார்க்கிறார்கள். ஐ.எல்.எஃப் என்ற பொது இணைப்பு முறையில், நடுக் கைப்பிடி ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் பூட்டும் மேல் கீழ் லிம்புகளை மட்டும் வேண்டியபோது மாற்றிக்கொள்ளலாம். முதலில் 35 பவுண்டு லிம்பு. இழுப்பு ஒழுங்குபட்ட பிறகு 40. அதன் பிறகு, தேவையும் இருந்தால், 45. உலோகக் கைப்பிடி, திருகாணிகள், இதெல்லாம் என்ன பாரம்பரியம் என்று கேட்கிறவர்கள் தம் அம்பு கார்பனால் ஆனது என்பதையும், தம் நெடுவில்லின் வயிற்றிலும் முதுகிலும் கண்ணாடி நார் ஒட்டியிருப்பதையும் மறந்துவிடுகிறார்கள். சொல்லிச் செய்வித்த ஒற்றைத் துண்டு வில்லோ, வாங்கிய நாளில் என்ன பவுண்டோ ஆயுள் முழுவதும் அதே பவுண்டு. எவ்வளவு இழுக்கத் தகும் என்பதை வாங்குகிறவன் அறியாத நாளில் அந்த எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வினைஞர்களிடமும் எனக்கு மரியாதை குறைவுதான்.

அம்பும் இதே கதைதான். காம்பவுண்டுக்கு வைத்திருந்த, விறைப்பெண் 340 போட்ட கட்டையான கார்பன் அம்பு 45 பவுண்டு ரிகர்வுக்கு உதவாது. எண் குறையக் குறைய விறைப்பு கூடும், விறைப்பு கூடிய அம்பு வில்லின் கைப்பிடியைச் சுற்றி வளைந்து போக மறுத்து, வலக்கைக்காரனுக்கு இடப்பக்கமாக ஒதுங்கும். 55 பவுண்டு என்று நம்பி அதற்கேற்ற அம்புகளை ஒரு டஜன் வாங்கியவன், தான் 51ஐத்தான் இழுக்கிறோம் என்பதை அறியாதவனாதலால், அந்த டஜனும் இடப்பக்கமே போய் விழக் கண்டு, கைப்பிடியில் தோல் ஒட்டியும் முனையின் எடையை மாற்றியும் மாதக்கணக்கில் போராடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவனிடம் தோளைக் கொஞ்சம் இறக்கு, வில்லையும் இறக்கு என்று சொன்னால் கோபித்துக்கொள்வான்.

கடைசியாக, இலேசான வில்லுக்குச் சட்டம் இடங்கொடாதே என்பார்கள். விஸ்கான்சினில் மானுக்குச் சட்டம் கேட்பது 30 பவுண்டு, கொலராடோவில் 35. அலாஸ்காவில் மூஸுக்கு 50 வேண்டும் என்பது உண்மை. அந்த ஐம்பதை நியாயமாக, நடுக்கமின்றி இழுக்கும் நாள் வரும் வரை மூஸ் வேட்டைக்குப் பழைய காம்பவுண்டையே எடுத்துக்கொண்டு போவதில் யாருக்கு என்ன குறைந்துவிடும்?