சேர்ந்திசையும் தமிழ்ச் சொல்லும்

பலர் கூடி ஒரு பாட்டைப் பாடுவதைச் சேர்ந்திசை என்கிறோம். பெயர் புதிது, வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் குடத்துப் பால் உறையவில்லை. உறியிலிருந்த வெண்ணெய் உருகவில்லை. வரவிருக்கும் தீங்கை அஞ்சிய மாதரி, எழுவர் மகளிரை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களின் பெயர்களையே அவர்களுக்கு இடுகிறாள். ஒருத்திக்கு ஒரு சுரம்; எழுவரும் கூடினால்தான் இசை நிறையும். கூட்டுப் பாடலுக்கு இதனினும் அழகிய இலக்கணம் நான் கண்டதில்லை.

நம் காலத்தில் இக்கலைக்குத் தமிழில் புத்துயிர் தந்தவர் எம்.பி. சீனிவாசன் (1925–1988). கொல்கத்தாவில் ரூமா குஹா தாக்குர்தா 1958-இல் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார்; 1970-களின் தொடக்கத்தில் சென்னையில் சீனிவாசன் அத்தகைய குழுவொன்றை அமைத்து, பாரதியாரைப் பல குரல் அடுக்கில் ஒலிக்கச் செய்தார். வெளிமாநிலத் தமிழ்ச் சங்க மேடைகளில் அலுவலகம் முடிந்து வந்து பாடும் நம்மவர் குழுக்களுக்கு அவர் வழியே முன்மாதிரி. வித்துவான் அல்லாதவரும் பாடலாம் என்ற துணிவை அது தந்தது.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். சிலம்பு முதல் பாரதி வரை எல்லாக் காலத்துப் பாடல்களையும் ஒரே நிகழ்ச்சியில் அடுக்கி, அனைத்தையும் ஒரே நடைப்பாட்டு மெட்டில் அணிவகுக்க விடுகிறார்கள். தேவாரப் பண்களுள் பழம்பஞ்சுரத்தை இன்று சங்கராபரணத்தில் பாடுகின்றனர். அதன் சுரங்கள் மேனாட்டார் பெரிதும் ஆளும் சுரவரிசையோடு ஒத்தவை. எனவே அங்கே பல குரல் அடுக்கு இயல்பாகப் பொருந்தும். கேதாரகௌளையில் பாடப்படும் காந்தார பஞ்சமமோ குழைவினால் வாழ்வது. நாற்பது தொண்டைகள் ஒரே குழைவைக் குழைய இயலாது. அதை ஒற்றைக் குரலுக்கு விட்டுவிட்டு, மற்றவர் சுருதி பிடித்து நிற்பதே முறை.

இதனினும் பெரிய குறை சொல்லில் உள்ளது. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுவன. தாளத்தை நிரப்புவதற்காகக் குறிலை இழுத்தால் ‘படு’ என்பது ‘பாடு’ ஆகிறது. வடபுலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளோ பாட்டைத் தேவநாகரியில் எழுதி வைத்துக்கொண்டு பயில்கிறார்கள். இந்திக்கு வழங்கும் அந்நெடுங்கணக்கில் எகர ஒகரக் குறில்களுக்குத் தனி எழுத்தில்லை. ஆகவே ‘எழு’ என்றால் ‘ஏழு’ என்கிறார்கள், ‘கொடி’ ‘கோடி’யாகிவிடுகிறது. (ழகரத்தின் கதியை நான் சொல்ல வேண்டியதில்லை.) நாட்டுக் கொடியைப் பாட எழுந்த குழந்தை எண்ணிக்கையைப் பாடிவிட்டு அமர்கிறது, அவையோ கை தட்டுகிறது.

இது சிறு பிழை என்று கடந்துவிடுவதற்கில்லை. வீட்டில் பேசும் நாலு வார்த்தைக்கு அப்பால் இக்குழந்தைகளின் நாவில் தமிழ் ஏறும் இடம் பெரும்பாலும் இந்தப் பாட்டு வகுப்பு ஒன்றே. அங்கேயும் சொல் சிதைந்தால் பிறகு எங்கே திருத்துவது? குரல் அடுக்கு சற்றுப் பிசகினாலும் நான் பொறுத்துக்கொள்வேன்.

ஒத்திகையின் முதற் கால்மணி நேரம் ஆர்மோனியத்தை மூடி வைத்து, தமிழெழுத்தில் உள்ள பாட்டை உரைநடை போல வாய்விட்டுப் படிக்கச் செய்யலாம். எழுவும் ஏழும் அங்கேயே பிரிந்துவிடும்.