கழுத்துக்கு அடியில் ஒரு சாக்கு

எருமைக் கன்றை மயக்கிக் கிடத்தும் வித்தையில் என்னைக் கவர்ந்தது ஊசியல்ல, சாக்குதான். மடித்த சாக்கைக் கழுத்துக்கு அடியில் கொடுத்தால் தொண்டை மேடாகவும் வாய் பள்ளமாகவும் அமையும். அசைபோடுகிற பிராணிக்கு மயக்கத்திலும் உமிழ்நீர் ஓயாது. வளர்ந்த மாட்டுக்கு அது நாளொன்றுக்கு 100 லிட்டரையும் தாண்டும். விழுங்குவது மட்டும் நின்றுவிடும். அந்த நீர் நுரையீரலில் இறங்கினால் கன்று தப்பாது. அதனால் கரிசல் சம்சாரி ஓடைக்கு வாட்டம் பார்ப்பதுபோல மருத்துவர் குனிந்து வாய்க்கு வாட்டம் பார்க்கிறார். வேலை நீளுமென்றால் மூச்சுக்குழாயில் பலூன் வைத்த குழாயும் இறங்கும்.

மருந்தின் அளவு இன்னொரு அழகு. குதிரைக்குக் கொடுக்கும் சைலசினில் பத்தில் ஒரு பங்கே மாட்டினத்துக்குப் போதும். 80 கிலோ கன்றுக்கு 0.2 முதல் 0.4 மில்லி, சிரிஞ்சில் தேடித்தான் பார்க்க வேண்டும்! பின்னால் கெட்டமைன், நரம்பில், நிதானமாக. ஆழம் போதுமா என்று கண்ணே சொல்லும். மயக்கம் ஏற ஏறக் கருவிழி கீழே உருண்டு வெள்ளை தெரியும். இன்னும் ஆழமானால் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். இது அபாயம், தெளிகிறதென்று எண்ணி மருந்தைக் கூட்டினால் முடிந்தது கதை.

மரத்துப்போகும் ஊசியிலேயே முடிகிற வேலைக்கு இதெல்லாம் தேவையில்லை. பெரிய தொப்புள் குடலிறக்கம், எலும்பு முறிவு என்றால் கோவில்பட்டிக்காரர்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில், 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

எருமைக்குக் கறுத்த தோல், வியர்வைச் சுரப்பியும் குறைவு. மருந்து உடற்சூட்டின் கட்டுப்பாட்டையும் குலைக்கும். கரிசல் வெயிலில் நடுப்பகல் மயக்கம் வேண்டாத வம்பு, விடிகாலையே நல்லது. வேலை முடிந்ததும் கன்றை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வைப்பார்கள். பக்கவாட்டில் கிடந்தால் வயிற்றுக் காற்றுக்கு வழியில்லை. நிமிர்ந்தபின் வருமே ஒரு ஏப்பம், அதைக் கேட்டதும் சுற்றி நிற்பவர்கள் முகமே மாறும்.

கன்றை ஏற்றிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எத்தனை மணி நேரம் பட்டினி என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். பெரிய மாட்டுக்கு ஒரு நாள் தீவனம் நிறுத்துவதுண்டு. பால்குடிக் கன்றை அப்படிக் காயப்போட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். கடைசியாக எப்போது பால் குடித்தது, எப்போது தட்டை கடித்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தெளிந்து தானாக எழுந்து நிற்கும்வரை தண்ணீர்கூடக் காட்டாதீர்கள்.