வானிலிருந்து விழுந்த வெண்துகள்

கவிதை நூல் ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்து விவிலியத்தில் தொடங்குவது முறையன்று எனச் சிலர் கருதலாம். ஆனால் இந்நூல் பாடும் துயரமே, விவிலியம் தவறாகக் கையாளப்பட்ட ஒரு நாளில்தான் வேர்கொள்கிறது. 1946 பிப்ரவரியில், ஞாயிறு வழிபாடு முடிந்து கூடியிருந்த பிகினித் தீவு மக்களிடம் அமெரிக்கக் கடற்படை அதிகாரி பென் வையட் வந்தார். மானுட நன்மைக்காகத் தீவை விட்டுத்தருமாறு கேட்டார். அவர்களை இஸ்ரயேல் மக்களுக்கு ஒப்பிட்டார். இறைவன் கையில் யாவற்றையும் ஒப்படைத்து 167 பேர் வெளியேறினர். வாக்களிக்கப்பட்ட நாடு கிட்டவில்லை. 1958 வரை மார்ஷல் தீவுகளில் 67 அணுச் சோதனைகள் நிகழ்ந்தன.

அம்மண்ணின் மகளான கேத்தி ஜெட்னில்-கிஜினர் 2017-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தொகுப்பு ‘இயெப் ஜால்டோக்’. பேசுபவரை நோக்கி வாய் திறந்திருக்கும் கூடை என்பது இதன் பொருள். தாய்வழிச் சமூகமான அங்கே பெண்மக்களை அவ்வாறு குறிப்பர். ஒரு கவிதையில், பள்ளி வரலாற்றுப் போட்டிக்காக ஆவணங்களைப் புரட்டும் பதினைந்து வயதுச் சிறுமி, ‘மானுட நன்மைக்காக’ என்ற அதே சொற்களைத் தலைப்பாக வைக்கிறாள். நடுவர்களுக்கு அதிலுள்ள அங்கதம் புரிவதில்லை, அவள் தோற்கிறாள். கவிஞர் அழுது காட்டவில்லை. அதனாலேயே அத்தோல்வி நம்மைச் சுடுகிறது.

அவள் புரட்டிய வரலாறு எத்தகையது? 1954 மார்ச் 1 அன்று பிகினியில் வெடித்த ‘பிராவோ’ 15 மெகா டன் ஆற்றலுடையது. ரோங்கலாப் தீவில் வெண்துகள் பொழிந்தது. பிள்ளைகள் அதில் விளையாடினர். ஏறத்தாழ இரு நாள்கள் கழித்தே மக்கள் அகற்றப்பட்டனர். வாந்தி உடனே வந்தது, தோற்புண் சில வாரங்களுக்குள் தோன்றியது. கதிரியக்க அயோடின் கேடயச் சுரப்பியில் தங்கியதால், அன்று பத்து வயதுக்குட்பட்டிருந்தோரில் பெரும்பாலோர்க்குப் பின்னாளில் அங்குக் கட்டிகள் தோன்றின. 1957-இல் மக்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆனால் மண்ணிலிருந்த சீசியம் தேங்காயிலும் ஏறியிருந்தது. அச்சம் தாளாமல் 1985-இல் அவர்கள் தாமே தீவைத் துறந்தனர்.

இரத்தப் புற்றுநோயால் மறைந்த உறவுச் சிறுமியின் உதிர்ந்த கூந்தலைப் பாடும் கவிதையே நூலின் சிகரம். ஒருவரது நோய்க்கு அணுகுண்டே காரணம் என மருத்துவம் தனித்து நிறுவ இயலாது. ஒரு மக்கள் கூட்டத்தில் நோய் மிகுவதையே அது கணக்கிட்டுச் சொல்லும். கவிஞர் அவ்வழக்கை வாதாடவில்லை. கணக்கில் ஓர் எண்ணாக மறைந்துபோகும் பிள்ளையை நம் கையில் தருகிறார். கவிதையின் பணி அதுவே.

குறையும் உண்டு. மேடையில் ஒலிப்பதற்கென்று எழுந்த சில கவிதைகள் அச்சில் முழக்கமாகவே நின்றுவிடுகின்றன. சினம் நியாயமானதே, எனினும் கூந்தல் கவிதையின் அடங்கிய குரலே நெடுநேரம் நம்முடன் தங்குகிறது.

பாலைநிலத்தில் வானிலிருந்து பொழிந்த வெண்மையான மன்னா இஸ்ரயேலரை வாழவைத்தது. ரோங்கலாப்பில் பொழிந்த வெண்மை பிள்ளைகளின் தொண்டையில் குடிபுகுந்தது. அடிமைகளின் விடுதலைக்கான நூலைக்கொண்டே எளியோரை அவர்தம் மண்ணிலிருந்து பெயர்க்க முடிந்தது என்பதை, மறையுரை ஆற்றுவோரும் கேட்போரும் மறத்தலாகாது. பிறருடைய தியாகத்தை இறைத்திட்டம் என்று நாம் விளக்க முற்படும்போதெல்லாம், அத்தியாகத்தின் பயன் யாருக்குச் சேர்கிறது எனக் கேட்கவேண்டும். அக்கேள்வியை நமக்குள் எழுப்புவதால் இந்நூல் நம் வாசிப்புக்கு உரியது.